பழைய கேம் சிடி ஓடலை, அவசரம்

மஞ்சப்பை: 2001-ல வாங்கின கார் ரேஸ் கேம். இன்ஸ்டால் ஆகுது. ஐகானைத் தட்டினா மவுஸ் ஒரு சுத்து சுத்திட்டு நின்னுடுது, எர்ரர்கூட வரலை. சிடியை இமேஜா (அப்படியே ஒரு ஃபைலா) காப்பி எடுத்து, டேமன் டூல்ஸ்ங்கற போலி சிடி டிரைவ்லயும் போட்டுப் பார்த்தாச்சு. அக்கா பையன் நாளைக்கு ஊருக்குப் போறான், சீக்கிரம் சொல்லுங்க.

ராத்திரிஆந்தை: எந்த விண்டோஸ்? இமேஜ் ஃபைல் எந்த வகை, ஐஎஸ்ஓவா, எம்டிஎஸ்ஸா?

கொத்துபரோட்டா: கீறல்தான். டூத்பேஸ்ட் வச்சு நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா தேய்ங்க.

ராத்திரிஆந்தை: இன்ஸ்டால் ஆகுதுங்கறாரே, அப்புறம் எங்க கீறல்?

திண்ணைக்காரர்: இதுக்கு நூறு தடவை எழுதியாச்சு. தேடிப் பார்க்கிற பழக்கமே போச்சு. ஐஎஸ்ஓ-ல சப்சேனல் (சிடில டேட்டாவோட வர்ற கூடுதல் தகவல்) நிக்காது தம்பி. ஆல்கஹால் 120%-ங்கற காப்பி சாஃப்ட்வேர்ல எம்டிஎஃப்-எம்டிஎஸ்ஸா எடுக்கணும். குளோன்சிடி காலத்து ஆளுங்களைக் கேளுங்க.

இட்லிபானை: ஒரிஜினலா, பர்மா பஜாரா? பஜார்னா காப்பி பூட்டை உடைச்சுத்தான் வித்திருப்பான் :)

மஞ்சப்பை: ஒரிஜினல்தாங்க, டப்பா, சீரியல் நம்பர் எல்லாம் இருக்கு. விண்டோஸ் 10.

ராத்திரிஆந்தை: அதை முதல்லயே சொல்றதுக்கென்ன! சிடிக்குள்ள செக்டிஆர்வி.சிஸ்னு ஒரு ஃபைல் இருக்கா?

மஞ்சப்பை: இருக்கு.

ராத்திரிஆந்தை: அப்போ சேஃப்டிஸ்க்ங்கற காப்பி பூட்டு. டிஸ்க்ல வேணும்னே படிக்க முடியாத செக்டர்களை வச்சிருப்பாங்க. அது அப்படியே இருந்தாத்தான் கேம் ஒரிஜினல்னு நம்பும். அந்தச் சோதனைக்கு செக்டிஆர்வி.சிஸ்ங்கற டிரைவர் வேணும், விண்டோஸ் 10-ல அதுக்கு இடமே இல்லை. எவ்வளவு சுத்தமா காப்பி எடுத்தாலும் ஓடாது.

திண்ணைக்காரர்: என் விண்டோஸ் 7-ல ஓடுதே.

ராத்திரிஆந்தை: அப்டேட் போடாம வச்சிருப்பீங்க. 2015 செப்டம்பர்ல எம்எஸ்15-097னு மைக்ரோசாஃப்ட் அப்டேட் வந்து அந்த டிரைவரை அங்கேயும் அணைச்சுட்டாங்க. 2007-லயே அந்த டிரைவர்ல பாதுகாப்பு ஓட்டை, சாதாரண யூசர் அட்மின் ஆயிடலாம்.

கொத்துபரோட்டா: எதுக்கு வம்பு, சிடி இல்லாமலே ஓட வைக்கிற நோ-சிடி கிராக் போடுங்க.

இட்லிபானை: வைரஸும் சேர்ந்து வரும். காப்பி பூட்டை உடைக்கிறதுக்கு காப்புரிமைச் சட்டம் 65ஏ இருக்கு, தெரியுமா? 2 வருஷம் வரை உள்ள போகலாம்.

கொத்துபரோட்டா: காசு கொடுத்து வாங்கின டிஸ்க்குக்கா ஜெயில்?

இட்லிபானை: ஒழுங்கா படிங்க. உரிமையை மீறும் நோக்கம் இருந்தாத்தான்.

கொத்துபரோட்டா: அப்போ எதுக்குப் பயமுறுத்தினீங்க?

திண்ணைக்காரர்: வக்கீல்களுக்குத் தனி இழை இருக்கு.

ராத்திரிஆந்தை: மஞ்சப்பை, சேஃப்டிஸ்க்ஷிம்னு ஓப்பன் சோர்ஸ் டூல் இருக்கு. டிரைவர் செய்யற வேலையை அது செய்யும், பழைய ஓட்டை டிரைவரைத் திரும்ப ஏத்த வேண்டாம். ஆனா ஒரிஜினல் டிஸ்க் டிரைவ்ல இருக்கணும். டேமன் டூல்ஸை மூடிட்டுப் போடுங்க.

கொத்துபரோட்டா: டூத்பேஸ்டும் ஒருவாட்டி...

மஞ்சப்பை: ஓடிடுச்சு ஆந்தை அண்ணா, நன்றி. சத்தம்தான் வரலை. அதுக்கு வேற இழை போடறேன்.