கஷ்ட காலத்தில் எங்களுக்காக வேண்டிக்கொண்ட எல்லாருக்கும்

அன்பான அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரருக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. கைமாற்றாக வாங்கியிருந்த கடனும் போன வாரத்தோடு அடைந்துவிட்டது. இந்த இரண்டு சேதியையும் முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், ஏனென்றால் "எங்கள் குடும்பத்துக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று நான் ஒற்றை வரி எழுதியபோது என்ன ஏது என்று ஒருவர்கூடக் குடையவில்லை. கோயிலில் எங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்ததாக ஒரு சித்தி எழுதினார்கள், ஜெபத்தில் தினமும் எங்களை நினைப்பதாக ஒரு அக்கா, தொழுகை முடிந்து துஆ கேட்பதாக ஒரு அண்ணன். அந்த மடல்களை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இப்போது சொல்லலாம், பணக் கஷ்டம்தான். அவர் வேலை பார்த்த இடத்தில் ஆள் குறைத்தார்கள், கொஞ்ச நாளிலேயே எனக்கும் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். சேமிப்பு கரைந்தது, அப்புறம் கடன் அட்டையில் ஓட்டினோம். அதில் மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் மீதியின் மேல் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், கட்டியும் குறையாது. அனுபவப்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நோய்க்கு வேண்டிக்கொள்ளச் சொல்ல நமக்குக் கூச்சமே கிடையாது. பணத்துக்கு என்றால் மட்டும் நாக்கு எழ மாட்டேன் என்கிறது, மனிதரிடம் மட்டுமில்லை, சாமியிடம்கூட. "மன நிம்மதியைக் கொடு" என்றுதான் நானும் சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கூச்சத்தை உடைத்தது சித்தி எழுதிய மடல்தான். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்த கதையை நினைவுபடுத்தியிருந்தார்கள். அடியார்களுக்குச் சோறு போட வழியில்லாமல் சம்பந்தரும் அப்பரும் நின்றபோது, இறைவன் ஆளுக்கு ஒரு காசு தினமும் பலிபீடத்தில் வைத்தார். அப்பருக்குக் கிடைத்தது நல்ல காசு, சம்பந்தருக்கு வந்ததை மாற்றப் போனால் தரம் குறைவு என்று வட்டம் பிடித்தார்கள், அதாவது மதிப்பில் கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள், அதனாலேயே அவர் மடத்தில் சமையல் தாமதமானது. சம்பந்தர் அதற்காகச் சோர்ந்து உட்காரவில்லை, வந்தது போதும் என்று அடங்கவுமில்லை. "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று உரிமையோடு பாடினார், நல்ல காசும் கிடைத்தது. காசு வேண்டும் என்று கேட்டது மட்டுமில்லை, குறையில்லாத காசாகக் கொடு என்றே கேட்டிருக்கிறார்! அதைப் படித்த இரவு நான் தொகையையும் தேதியையும் சொல்லியே வேண்டிக்கொண்டேன். வீட்டுக்கு மூத்தவர்களிடம் கேட்பது போல அவ்வளவு இயல்பாக வந்தது.

அந்தக் கதையில் காசு தினம் ஒன்றாகத்தான் வந்தது என்பதை அக்காவின் மடலைப் பார்த்த பிறகுதான் கவனித்தேன். அவர்கள் எழுதியிருந்தது இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தின் வரி, "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." வருஷத்துக்குச் சேர்த்துக் கேட்கவில்லை பார், இன்றைக்குத்தான் என்று கீழே ஒரு குறிப்பு. எங்களுக்கும் அப்படியே நடந்தது. மொத்தமாக எந்தப் பணமும் வந்து விழவில்லை. ஆனால் வாடகை கட்ட வேண்டிய நாளுக்கு வாடகை இருந்தது, பிள்ளைகளின் கட்டணத்துக்கு எங்கிருந்தோ ஒரு பழைய பாக்கி திரும்பி வந்தது, அடுத்த மாதம் என்ன செய்வது என்று தெரியாமலேயே இந்த மாதம் கடந்துபோனது. உள்ளே இருக்கும்போது அது பதில் என்று தெரிவதில்லை, மூச்சுத் திணறுவதாகத்தான் தெரிகிறது.

அண்ணன் சொன்னது இன்னொன்று. நபிகள் நாயகம் தம் தொழுகையில் பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும் பாதுகாப்புத் தேடுவார்களாம். கடனிலிருந்து ஏன் இவ்வளவு பாதுகாப்புக் கேட்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்குக் கொடுத்தால் மீறுகிறான் என்றார்களாம். கடன்காரர்களின் அழைப்பு வரும் வீட்டில் இருந்தவர்களுக்கு இது எவ்வளவு உண்மை என்று தெரியும். தொலைபேசியைக் கவிழ்த்து வைத்திருப்போம், மேசையில் அது அதிரும்போது பேச்சு நின்றுவிடும், சின்னவள்கூட அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். "அடுத்த வாரம் கட்டிவிடுகிறோம்" என்ற வார்த்தை வாய்நுனி வரை வந்து நிற்கும். அந்தப் பொய்யைச் சொல்லும் நிலை வரக்கூடாது என்பதும் எங்கள் வேண்டுதலில் சேர்ந்துகொண்டது.

எனக்குத் தெரிந்து முதலில் நிறைவேறியது அதுதான். தவணை தவறுவதற்கு முன்பே என் வீட்டுக்காரர் தாமாகவே வங்கிக்குப் பேசினார், வேலை இல்லை, முழுத் தவணை கட்ட முடியாது, இவ்வளவுதான் முடியும் என்று. எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது, நான் பக்கத்தில் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலத்தை நீட்டி, மாதத் தவணையைக் குறைத்துத் தந்தார்கள். மொத்த வட்டி கூடத்தான் செய்யும், தெரிந்தேதான் ஒத்துக்கொண்டோம். அன்றைக்கு இரவு இரண்டு பேரும் தூங்கினோம்.

வேலை வந்த வழியும் உங்களில் ஒருவர்தான். பெயர் சொல்லக்கூடாது என்று கட்டளை, அதனால் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருடைய தன்விவரக் குறிப்பை வாங்கி வரிக்கு வரி திருத்தி, நேர்காணலுக்கு இரவில் விழித்திருந்து கேள்வி கேட்டுப் பழக்கிவிட்டது அந்தத் தம்பிதான். அடகிலிருந்து என் வளையல்களை மீட்டதும் முதலில் அவனுக்குத்தான் படம் எடுத்து அனுப்பினேன். "சாமி கொடுத்ததா, மனுஷங்க கொடுத்ததா?" என்று என் மகன் கேட்டான். எனக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை. எங்களோடு அதே நேரத்தில் வேலை இழந்த ஒரு குடும்பம் எங்களைவிட உருக்கமாக வேண்டிக்கொண்டது, அவர்களுக்கு இன்னும் வழி திறக்கவில்லை. அவர்கள் பக்தியில் குறை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். எங்களுக்காகச் செய்ததுபோல அவர்களுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள். இங்கே எழுதக் கூச்சப்பட்டுக்கொண்டு இன்னும் யாராவது இருந்தால் எனக்குத் தனி மடல் போடுங்கள், காரணம் எழுத வேண்டாம், பெயர் மட்டும் போதும், என் வேண்டுதலில் சேர்த்துக்கொள்கிறேன். வேலை தேடுகிறவர்களின் தன்விவரக் குறிப்பை வார இறுதிகளில் உட்கார்ந்து பார்த்துத் தருவதாக என் வீட்டுக்காரரும் சொல்லியிருக்கிறார், தயங்காமல் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை