பொம்மசந்திராவுக்குப் போன கியர்கள்

2011-இல் டிப்ளமோ முடித்த கையோடு விருதுநகரிலிருந்து ஓசூருக்கு வந்தேன். பஸ் நிலையத்தில் ஒருவரிடம் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வழி கேட்டேன். கன்னடத்தில் தொடங்கினார், என் முழியைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார், கூட வந்த மனைவியிடம் தெலுங்கில் ஏதோ விசாரித்துவிட்டுக் கையைக் காட்டினார். மூன்று மொழிகள் செலவழிந்தும் நான் போய்ச் சேர்ந்தது வேறு சிப்காட். அங்கே ஒன்று, இரண்டு என்று இருப்பது எனக்குத் தெரியாது, பிழை என்னுடையதுதான்.

அசோக் லேலண்ட், டிவிஎஸ் ஆலைகள் 1980 வாக்கில் இங்கே வந்தன. பிறகு டைட்டன் கடிகாரம். இவற்றை நம்பி முளைத்த சிறு பட்டறைகளில் ஒன்றில் எனக்கு டிஸ்பாட்ச் வேலை. படித்தது இயந்திரவியல், பார்த்தது சலான் எழுதும் வேலை.

பட்டறையில் கியர் வெட்டுவோம். அவற்றைச் சூடேற்றிக் கடினமாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குக் கர்நாடகத்தில் இருக்கும் பொம்மசந்திராவுக்கு அனுப்புவோம். இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் நடுவில் மாநில எல்லை, இந்தப் பக்கம் ஜூஜூவாடி, அந்தப் பக்கம் அத்திப்பள்ளி. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் சென்னைக்குச் சரக்கு விற்றால் உள்மாநிலம். மூக்குக்கு எதிரே இருக்கும் ஊருக்கு விற்றால் வெளிமாநிலம். அப்போது மத்திய விற்பனை வரி இரண்டு சதவீதம் என்று பில் போட்டுவிட்டு, அந்தச் சலுகை வரிக்குச் சான்றாக வாங்கியவர் தர வேண்டிய சி பாரத்துக்காக அவர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருந்தது. பாரம் வராவிட்டால் மிச்ச வரி எங்கள் தலையில். என் முதல் மூன்று ஆண்டுகளில் கியரைவிடச் சி பாரத்தைத்தான் அதிகம் துரத்தினேன்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போயின, லாரி வரிசை கரைந்தது. காகிதம் மட்டும் கரையவில்லை. ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் குறைந்த சரக்குக்கு, வண்டியில் கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் இ-வே பில் வேண்டாம் என்பார்கள். நாங்கள் கியரை அனுப்புவதுபோல வேறு மாநிலத்துக்குச் சரக்கைக் கூலி வேலைக்கு (ஜாப் ஒர்க்) அனுப்பினால் அந்தச் சலுகை கிடையாது. ஐந்நூறு ரூபாய்ச் சரக்கானாலும் பில் வேண்டும். டெல்லியில் இதை எழுதியவர் ஓசூரைப் பார்த்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

எங்கள் குட்டி யானையை, அதாவது சின்னச் சரக்கு வண்டியை, ஓட்டிய அண்ணன் பாகலூர்க்காரர். (சானமாவுக் காட்டிலிருந்து உண்மையான யானைகள் ராகி வயலுக்கு இறங்கும் மாதங்களில், எந்த யானையால் தாமதம் என்று முதலாளி கேட்பார்.) வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், பொம்மசந்திராவில் கன்னடம். கொழுந்தியாளைக் கட்டிக்கொடுத்த ஊர் அத்திப்பள்ளிக்குப் பக்கம். அவருக்கு எல்லை என்பது பண்டிகைக்குச் சீர் கொண்டுபோகும் வழி.

2016 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. காவிரி விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கர்நாடகத்தில் முழு அடைப்பு முடிந்துவிட்டதால், இனிப் பயமில்லை என்று காலையிலேயே கிளம்பினோம். சரக்கை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, பெங்களூருவில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிகின்றன என்று செய்தி வந்தது. எங்கள் வண்டி டிஎன் 70.

அண்ணன் பதற்றப்படவில்லை. மண் பாதையில் வளைத்துக் கொழுந்தியாள் வீட்டுக்கு ஓட்டினார். மாட்டுக் கொட்டகையில் வண்டியை நுழைத்து, நம்பர் பலகை மறைய ராகித் தாளைச் சாய்த்துவைத்தார். அந்த அம்மாள் முதலில் கேட்டது, "ஊட்ட ஆய்த்தா?" ஆகவில்லை என்றேன். களியும் கீரைக் குழம்பும் வந்தன. தொலைக்காட்சியில் புகை தெரிந்தது. அதைப் பார்த்தபடியே இன்னொரு உருண்டை வைத்தார்.

மறுநாள் காலை வாடிக்கையாளருக்கு ஐம்பது கியராவது போய்ச் சேராவிட்டால் அவர்களுடைய அசெம்பிளி நின்றுவிடும். முதலாளி போனில் "உயிர்தான் முக்கியம், தம்பி" என்றார். சற்றுப் பொறுத்து, "ஐம்பது கியர் எவ்வளவு எடை இருக்கும்?" என்றும் கேட்டார்.

இருபது கிலோ. அரிசிச் சாக்கில் கட்டி, அண்ணனும் நானும் மாற்றி மாற்றித் தோளில் சுமந்தோம். பஸ்கள் இரண்டு பக்கமும் எல்லைக்கு முன்பே நின்றுவிட்டதால், தேசிய நெடுஞ்சாலையில் மனிதர்கள் மட்டும் நடந்தார்கள். பெட்டியோடு ஐடி இளைஞர்கள், குழந்தையை இடுப்பில் வைத்த பெண், தலையில் டிரங்குப் பெட்டியோடு ஒரு பெரியவர். ஐந்து வருடம் வாரம் மூன்று முறை கடந்த இடம் அது. அங்கே சாலை லேசாக மேடேறும் என்பது அன்றைக்குத்தான் காலுக்குத் தெரிந்தது.

ஜூஜூவாடியில் தடுப்பு வைத்திருந்த காவலர் சாக்கை இறக்கச் சொன்னார். அவிழ்த்துப் பார்த்தார்.

"என்ன இது?"

"கியர், சார்."

ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பில் இருக்கிறதா?" என்றார்.

சட்டைப் பையிலிருந்து சலானை எடுத்து நீட்டினேன். வியர்வையில் பாதி மை ஊறியிருந்தது. படித்துவிட்டு, "வண்டி எண் போட்டிருக்கிறது, வண்டி எங்கே?" என்று கேட்டார். அண்ணன் பதில் சொல்லாமல் தன் கால்களைக் காட்டினார். காவலர் சிரிக்காமலே வழிவிட்டார்.

பட்டறைக்கு வந்ததும், கணக்கு சரியாக இருக்கட்டும் என்று சலானில் வண்டி எண்ணை அடித்துவிட்டு, "கால்நடை" என்று எழுதிவைத்தேன். மாதக் கடைசியில் கணக்காளர் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"மாட்டு வண்டியிலா கொண்டுவந்தீர்கள்? வாடகை எவ்வளவு கொடுத்தீர்கள்?"