இறக்கை நுனி வளைவை ஒட்ட கிளாம்ப் போதவில்லை

காவேரிப்பட்டணத்துக்காரன்:
மொட்டை மாடிக் கொட்டகையில் ஒற்றை இருக்கை மர விமானம் ஒன்றுக்கு இறக்கை செய்துகொண்டிருக்கிறேன். நுனி வளைவுக்கு 3 மி.மீ. ஸ்புரூஸ் (லேசான ஊசியிலை மரம்) பட்டைகள் ஆறை எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசை) தடவி அச்சின்மேல் வளைத்து ஒட்ட வேண்டும். கையில் இருப்பது ஐந்தே ஐந்து ஜி-கிளாம்ப் (திருகி இறுக்கும் பிடி). நடுவில் பட்டை வாய் பிளக்கிறது. இன்னும் முறுக்கினால் மரத்தில் பள்ளம் விழுகிறது. வேறு வழி உண்டா?

தருமபுரி ஆசாரி மகன்:
தம்பி, முதலில் முறுக்குவதை நிறுத்துங்கள். ரிசார்சினால் பசைதான் நெரித்துப் பிடிக்கச் சொல்லும். எபாக்சிக்கு இரண்டு பரப்பும் படிந்திருந்தால் போதும், இறுக்கினால் பசை முழுக்க வெளியே வழிந்துவிடும்.

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட முடியாத டியூப் கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள். இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; உள்ளே இருக்கும் வெள்ளைப் பவுடர் பசையில் படக் கூடாது. அச்சுப் பலகையின் உள்பக்கத்தை வெட்டியெடுத்து நாலு விரல் விளிம்பு மட்டும் விட்டால்தான் டியூப் சுற்றிவரும். காலுக்குக் கட்டுப் போடுவதுபோல் இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். ஓரத்தில் பசை பொட்டுப் பொட்டாக எட்டிப் பார்த்தால் சரி.

அச்சுக்குப் பாலிதீன் போடுங்கள். நான் மறந்ததால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, சுக்கான் விளிம்பையும் அச்சையும் சேர்த்தே அடுப்பில் வைத்தேன். சித்திரை வெயிலில் எபாக்சியை டப்பாவில் வைத்தால் கையிலேயே சூடேறி இறுகிவிடும். விடியற்காலையில் கலந்து, தட்டில் பரப்பித் தடவுங்கள்.

பர்கூர் பையன்:
நேரான இடத்துக்கு டியூப் எதற்கு அண்ணே? 3 அங்குல பிவிசி பைப்பை ஒரு அங்குல வளையங்களாக அறுத்து, ஒரு பக்கம் பிளந்தால் கிளிப். இறக்கையின் பிளைவுட் மேல்தோலை ஒட்ட நான் பாரமாக வைத்தது ராகி மூட்டை, வளைவுக்கு ஏற்றபடி அதுவே படியும். அம்மாவிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

பழைய விமானப் பித்தன்:
இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் மர விமானமான மாஸ்கிட்டோவின் உடலையே அச்சின்மேல் எஃகுப் பட்டை சுற்றி இறுக்கித்தான் ஒட்டினார்கள். முதலில் பாலில் எடுக்கும் கேசீன் பசை. ஈரத்துக்கு அது தாங்கவில்லை, அப்புறம் ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறினார்கள். தச்சுக் கடை வெள்ளைப் பசையையும் தொடாதீர்கள், தொடர்ந்து பளு ஏறினால் மெல்ல நகர்ந்துகொடுக்கும்.

காவேரிப்பட்டணத்துக்காரன்:
டியூப் சுற்றினேன். கூடவே ஒட்டிவைத்த மிச்சத் துண்டை மறுநாள் உளி வைத்துப் பிளந்தேன்: மரம்தான் கிழிந்தது, பசைக்கோடு அப்படியே இருந்தது. முடிச்சுப் போட்ட முனையில் மட்டும் காகிதம் நுழையும் சந்து. 5 செ.மீ. கூடுதலாக விட்டிருந்ததால் அதை வெட்டிவிடுவேன். ராகி மூட்டைக்கு வீட்டில் இன்னும் அனுமதி கிடைக்கவில்லை.