புதுப்பிப்பு: வாஷிங்டன் ஏரிப் பந்தயத்தில் பார்வையாளர் படகுகள்

அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் ஏரியில் சீஃபேர் என்னும் கோடைவிழாவையொட்டி நடைபெறும் விசைப்படகுப் பந்தயத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். பார்வையாளர் படகுகளைப் பந்தயத் தடத்திலிருந்து விலக்கி வைக்க, தடத்தின் எல்லையைக் காட்டும் மிதவைகள் மட்டும் போதாதா என்று சிலர் கேட்டதால் இந்தப் புதுப்பிப்பு.

போதாது என்பதே என் உறுதியான கருத்து. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நீரைத் தொட்டும் தொடாமலும் பாயும் ஹைட்ரோபிளேன் என்னும் பந்தய விசைப்படகின் முகப்பை, எங்கிருந்தோ வந்து சேரும் அலைகூடத் தூக்கிவிடக்கூடும். 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் நீர்வேகச் சாதனை முயற்சியின்போது படகோட்டி டொனால்ட் கேம்பெல் உயிரிழந்ததற்கு, முதல் ஓட்டத்தில் தம் படகே எழுப்பிய அலைகள் அடங்குமுன் அவர் எதிர்த்திசையில் புறப்பட்டதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அங்கே பார்வையாளர் படகு எதுவும் குறுக்கிடவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆகவேதான் சியாட்டிலில் பெரிய மரத்தடிகளை வரிசையாகப் பிணைத்து மிதக்கவிட்டு, பார்வையாளர் படகுகளை அவற்றில் கட்டி நிறுத்தச் செய்கிறார்கள். கட்டிய படகு அலையும் எழுப்பாது, காற்றுக்குத் தடத்தினுள் நகர்ந்தும் வராது. கடலோரக் காவல்படையின் ரோந்தும் உண்டு.

பந்தயம் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கயிற்றை அவிழ்க்கும் வேளைதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. கரை சேரும்வரை குழந்தைகளின் உயிர்காப்பு அங்கியைத் தயவுசெய்து கழற்றாதீர்கள்.