புதுப்பிப்பு: ராணியின் முழங்கை ஆபரேஷனுக்குப் பிறகு நடை

எங்கள் லேப்ரடார் ராணிக்கு இடது முன்னங்கால் முழங்கையில் உடைந்திருந்த எலும்புத் துணுக்கை எடுத்தாயிற்று, நடை தேறுகிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். "தலையைக் கவனிங்க" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும்; நல்ல கால் ஊன்றும்போது தாழும். காட்பாடியில் எங்கள் தெருவில், வேலூர் வெயில் ஏறுமுன், மெல்ல ஓடவிட்டுப் பக்கவாட்டில் ஸ்லோ மோஷனில் எடுத்தேன். நடக்கும்போது தெரியாத நொண்டல் அதில் பளிச்சென்று தெரிந்தது.

அப்புறம் எடை. நிற்கிற நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில், அதில் காலுக்குப் பாதி. ஒரே மாதிரி இரண்டு எடை மெஷின்களில் முன்னங்கால்கள், அதே உயரப் பலகையில் பின்னங்கால்கள். தலை கொஞ்சம் திரும்பினாலே எண் ஆடும். அதனால் எதிரே பிஸ்கட்டோடு மனைவி. இடது பக்கம் இன்னும் குறைவுதான், ஆனால் வித்தியாசம் சுருங்கி வருகிறது. ஓடும்போது தரையில் விழும் விசையை அளக்க விசைத்தட்டு வேண்டும், அது நமக்கு எட்டாது.

"நல்லாத்தான் நடக்குது" என்கிற அம்மாவின் சான்றிதழைக் கணக்கில் சேர்க்கவில்லை. வளர்த்தவர் கண்ணுக்கு எல்லாம் தேறினதாகத்தான் தெரியும். வீடியோவையும் எடைக்குறிப்பையும் அடுத்த முறை டாக்டரிடம் காட்டுகிறேன். மாடிப்படி ஏற இன்னும் அனுமதி இல்லை.