ராஃபிள்ஸ் டிஃபன் ரூமுக்கு அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

ரெங்கம் மகள்:
வணக்கம். அப்பா இங்கே மலேசியாவில், ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அம்மாவுக்குக் களை எடுப்பது போன்ற வெளிக்காட்டு வேலை. அப்பாவுக்கு இந்த வருடம் எழுபது முடிகிறது. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலின் டிஃபன் ரூமில் ஒரு மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுக்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. அவரோ, "அதெல்லாம் துரைமார் போற இடம்மா" என்கிறார். கையால் சாப்பிட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்களா? அம்மா வெள்ளிக்கிழமை சைவம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கூலாய் அக்கா:
தாராளமாக அழைத்துப் போ, தங்கச்சி. நான் என் அம்மாவைக் கூட்டிப் போயிருக்கிறேன். வாசலில் வெள்ளைச் சீருடையும் தலைப்பாகையுமாக நிற்பவர் அம்மாவுக்குத்தான் முதலில் வணக்கம் சொன்னார். உள்ளே மரத்தரை, உயரமான கூரை. அலங்காரத்துக்கு வைத்திருந்த டிஃபன் கேரியர்களைப் பார்த்ததும் அம்மா பக்கத்தில் போய்விட்டார். கொக்கியை விரலால் தடவி, "நம்ம கேரியர்ல இது சீக்கிரம் லூசாயிடும், ரப்பர் பேண்ட் போட்டுத்தான் வேலை செய்யற மர வரிசைக்குக் கொண்டு போவேன்" என்றார். அப்புறம் நாண் ரொட்டியைக் கையால் பிய்த்து நிம்மதியாகச் சாப்பிட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது அங்கே வட இந்தியச் சமையல்தான், சைவத்துக்குக் குறை இல்லை.

ஹோட்டல் 1887இல் ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் தொடங்கியது. இன்றைய பிரதான கட்டடம் 1899இல் வந்தது. டிஃபன் ரூம் என்ற பெயர் 1892இலிருந்தே உண்டு. பெரிய பழுதுபார்ப்பு முடிந்து 2019இல் மறுபடி திறந்தார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அதே ஹோட்டலில் இருக்கும் லாங் பார் என்ற மதுக்கூடத்துக்கும் அப்பாவை ஒரு நடை கூட்டிப் போ. 1920களின் மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்துத்தான் அந்த இடத்தையே அமைத்திருக்கிறார்கள். மேலே விசிறிகள் அசையும், கச்சான் (வேர்க்கடலை) தோலைத் தரையிலேயே போடலாம். துரைமார் இடம் என்கிறாரே, அந்தத் தோட்டத்தை மரம் மரமாகத் தெரிந்தவர் அவர்தானே? தயங்காமல் உட்காரச் சொல்.

ஸ்கூடாய் தம்பி:
அக்கா, செலவையும் சொல்லிவிடுகிறேன். மெனுவில் உள்ள விலைக்கு மேல் 10% சேவைக் கட்டணம், அதற்கு மேல் 9% ஜிஎஸ்டி. 100 வெள்ளிச் சாப்பாடு கிட்டத்தட்ட 120 ஆகிவிடும், அதுவும் சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர். நம்ம ரிங்கிட்டில் மூன்று மடங்குக்கு மேல் வரும். எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.

ஜொகூர் பாரு லார்கின் பஸ் நிலையத்திலிருந்து 170 பஸ் சிங்கப்பூர் குயீன் ஸ்ட்ரீட் வரை போகும், அங்கிருந்து ஹோட்டல் பக்கம்தான். ஆனால் எல்லைச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏற வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். வயதானவர்களுக்குக் கால் வலிக்கும், டாக்சியே மேல். சனி ஞாயிறு வேண்டாம், எல்லைப் பாலம் நெரியும். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள்.

ரெங்கம் மகள்:
நன்றி அக்கா, தம்பி. அப்பா வேட்டிதான் கட்டுவார், சிலிப்பர் போடுவார். பரவாயில்லையா?

கூலாய் அக்கா:
சிலிப்பர் வேண்டாம்மா, ஷூ போடச் சொல். வேட்டியைப் பற்றி மேசை பதியும்போதே கேட்டுக்கொள். எழுபதாம் பிறந்தநாள் என்பதையும் அப்போதே சொல்லிவிடு. வியாழக்கிழமையாகப் பார், அம்மாவும் எல்லாம் சாப்பிடலாம்.