மாத்திரையை எண்ணினால் போதுமா?

கேள்வி:
எச்.ஐ.வி. தொற்றுக்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையமொன்றில் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். மீதமுள்ள மாத்திரைகளை எண்ணும்போது பலரும் 95 சதவீதத்துக்கு மேல் மருந்தை எடுத்ததாகக் கணக்கு வருகிறது. ஆயினும் அவர்களுள் சிலருக்கு வைரஸ் அளவு குறையவில்லை. எந்த அளவீட்டை நம்புவது?

பதில் 1:
எண்ணிக்கை காட்டுவது டப்பாவை விட்டு வெளியேறிய மாத்திரைகளை மட்டுமே. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் நடந்த ‘வாய்ஸ்’ என்ற, எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்துகளுக்கான ஆய்வில், பங்கேற்ற பெண்களின் வாய்மொழியும் திருப்பிக் கொடுத்த மருந்தின் கணக்கும் 90 சதவீதத்தை ஒட்டி இருந்தன. இரத்தத்திலோ ஏறத்தாழ 30 சதவீத மாதிரிகளில்தான் மருந்து தென்பட்டது. சிகிச்சையில் இருப்போரின் நிலை வேறு என்றாலும், எண்ணிக்கையின் பலவீனம் அதேதான்.

பதில் 2:
பிளாஸ்மாவில் (இரத்தத்தின் திரவப் பகுதியில்) உள்ள மருந்தின் அளவும் முழுச் சான்றாகாது ஐயா. மையத்துக்கு வரும் நாளை ஒட்டி மட்டும் மாத்திரை போடுபவருக்கும் அதில் மருந்து இருக்கும். டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து உடலுக்குள் டெனோஃபோவிர் டைபாஸ்பேட்டாக மாறிச் சிவப்பணுக்களில் தங்கும்; அதை உலர்ந்த இரத்தத் துளியில் அளந்தால், கடந்த சில வாரங்களின் பழக்கம் தெரியும். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், அதில் படியும் மருந்து இன்னும் நீண்ட காலத்தைக் காட்டும். அன்றாடச் சிகிச்சையில் இவை எளிதில் கிடைப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

பதில் 3:
நோயாளி பொய் சொல்கிறார் என்று முடிவுகட்ட வேண்டாம். மருந்தெதிர்ப்பு (வைரஸ் மருந்துக்குக் கட்டுப்படாத நிலை) இருக்கலாம், டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துடன் வெறும் வயிற்றில் இரும்பு அல்லது கால்சியம் மாத்திரையைச் சேர்த்து விழுங்கினாலும் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. முதலில் அதை விசாரியுங்கள்.